வங்காளிப் படத்துக்குச் சொன்ன சம்மதம்

எங்கள் வீட்டில் சினிமா எடுக்க வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! என் வீட்டுக்காரர் துரைக்கண்ணுவை யாராவது "சார்" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், கட்டியிருக்கிற வேட்டியைக்கூட அவிழ்த்துக் கொடுத்துவிடுவார்.

பிள்ளையார்பாளையத்தில் பந்தல், சாமியானா, கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய மொத்தச் சாமானும் வேண்டும் என்று சென்னையிலிருந்து ரக்ஷா என்கிற பெண் வந்தாள். வங்காளிப் படம் ஒன்றுக்கு உதவி இயக்குநராம். பந்தல் துணி பார்க்க வந்தவள் எங்கள் கூடத்தைப் பார்த்தாள், பின்கட்டுக் கிணற்றைப் பார்த்தாள், கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள்.

"ஆன்ட்டி, நாங்க தேடிட்டிருந்த கல்யாண வீடே இதுதான்!"

"இந்த வூட்ல கல்யாணம்லாம் கெடயாதுமா. வேற எடம் பாரு," என்றேன்.

அவளுக்கு எங்கள் விஷயம் தெரியாது. எங்கள் ஒரே பெண் ஜீவிதா செத்துப்போய் அப்போது ஒன்றரை வருஷம். அவள் போனபிறகு நானும் அவரும் வீட்டுக்குள் பேசிக்கொள்வதே கிடையாது. சாப்பாடு ஆயிற்றா, மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்றா, அவ்வளவுதான். அன்றைக்கு ரக்ஷா போனதும் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வாரம் வூட்ல நாலு பேரு பேசிக்கினு சிரிச்சிக்கினு இருந்தா நல்லதுதான அலமு," என்றார்.

அதற்குமேல் நான் என்ன சொல்வது? சரி, எடுத்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

முப்பது பேர் வந்து இறங்கினார்கள். சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றினார்கள். மாலை போட்ட படம் கல்யாண வீட்டில் இருக்கக் கூடாதாம். ஜீவிதாவின் படத்தை நானே கழற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். இயக்குநர் மௌசுமி என்கிற அம்மாள். என் வயதுதான் இருக்கும், தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, நிற்காமல் டீ குடிக்கிறவள். ரக்ஷாதான் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

கதை இதுதான். கொல்கத்தாப் பையனும் காஞ்சிபுரத்துப் பெண்ணும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். காதல். பெண்ணின் அம்மா முடியவே முடியாது என்கிறாள். பையனின் பெரியம்மா, அத்தை, மாமா என்று பதினொரு பேர் ஒரு கூடை மீனோடு காஞ்சிபுரத்துக்கு வந்து இறங்குகிறார்கள். மீன் வாசனைக்குப் பெண்வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும். நாங்கள் வாரத்தில் நாலு நாள் கருவாடு வறுக்கிற குடும்பம்! கூட்டத்தில் நின்ற என்னையும் மூக்கைப் பொத்தச் சொன்னார்கள். என் தலையெழுத்து என்று பொத்தினேன். கடைசியில் அம்மா மனசு மாறி, சம்மதம் சொல்லி, கல்யாணம். சிரிப்புப் படம்.

அந்த அம்மா வேஷத்துக்கு ஒரு கொல்கத்தா நடிகை. பாவம், நல்ல மனுஷி. காதலுக்கு மாட்டேன் என்று சொல்வதற்காக அவள் தட்டைத் தூக்கி எறிந்தாள், சோபாவில் மயங்கி விழுந்தாள், ஒரு அண்டா தயிர்சாதத்தோடு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டேன் என்று சொல்வதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? அது ஒரு நிமிஷ வேலை. நான் சொல்லியிருக்கிறேன்.

ஜீவிதா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ் தாமலிலிருந்து வரும். தாமலில் ஏறுகிற வசந்த் என்கிற பையன் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பான். இது ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியாக, பூக்காரி காந்தா சொல்லித்தான் பெற்றவளுக்குத் தெரிந்தது. வாலாஜாபாத்தில் இருக்கிற என் அண்ணன் மகனுக்கு அவளைக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வசந்துக்கு வேலையும் நிரந்தரமில்லை. அதெல்லாம்கூடப் பெரிசில்லை. என்னிடம் முதலில் சொல்லவில்லை என்கிற வெறி எனக்கு. கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்த கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் பொணத்தத் தாண்டிப் போய்க் கட்டிக்கோ," என்றேன்.

அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டரை மாதத்தில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். அந்த ஐந்து நாளில் ஒருதரம் கேட்டிருந்தாளானால் சரி என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காய்ச்சல் இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த மௌசுமி அம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்கள் வீடுகளில், வேறு படத்தில் யாரும் காட்டாத ஏதாவது சடங்கு உண்டா? என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? பூவாடைக்காரியைப் பற்றி எடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்ணை முதலில் அழைக்க வேண்டும். அவள்தான் பூவாடைக்காரி. பம்பைக்காரர் கிணற்றடியில் பம்பை அடித்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வீட்டுப் பொம்பளை ஒரு செம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். அவள் வந்துவிட்டால் செம்பு கனக்கும். தூக்கிவந்து உள்ளே வைத்து, புதுப்புடவையும் பூவும் வைத்துப் படைப்போம். தாலி கட்டி முடிந்ததும் திரும்ப அனுப்பி வைப்போம். மௌசுமி அம்மாள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். இது வேண்டும், இன்றைக்கே வேண்டும், உண்மையான பம்பைக்காரர் வேண்டும் என்றாள்.

பம்பைக்காரர் குமாரசாமி எங்கள் வீட்டுக்கு முப்பது வருஷப் பழக்கம். வந்து கேமராவையெல்லாம் பார்த்து மிரண்டார்.

"வெளயாட்டுக்குக் கூப்புடக் கூடாதும்மா. கல்யாணம் உண்டா இல்லியா?"

"உண்டு சார், நாளைக்கே தாலி கட்டறாங்க," என்றாள் ரக்ஷா. படத்தில்தான் என்பதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. படத்துக்கென்று அவர்கள் கொண்டுவந்த புடவையை அவர் தொடமாட்டேன் என்றார். நான் போய்ப் பீரோவிலிருந்து மடிப்புக் கலையாத அரக்குப் பட்டு ஒன்றை எடுத்துவந்தேன்.

மணி நாலரை. வெயில் கிணற்றுக் கட்டைமேல் அடித்துக்கொண்டிருந்தது. பம்பை முழங்க ஆரம்பித்தது. ஏதாவது ஒரு பொய்ப் பேரைச் சொல்லிவிடு என்று என் வீட்டுக்காரர் முன்னமே என் காதில் ஓதியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.

"பேரச் சொல்லும்மா," என்றார் குமாரசாமி.

"ஜீவிதா," என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாய் தவறி வந்துவிட்டது என்று அப்புறம் அவரிடம் சொன்னேன். பச்சைப் பொய். அந்தப் பேரை ஒன்றரை வருஷமாக யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னேன்.

குமாரசாமி ஒரு நொடி தயங்கினார். அப்புறம் அவள் பேரைச் சொல்லி, அப்பன் பேரைச் சொல்லி, கல்யாண வீட்டுக்கு வாம்மா என்று பாடினார். நான் செம்பை இறக்கினேன். செம்பு தண்ணீர் மொண்டால் எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அந்தக் கிணற்றில் இறைக்கிறேன். இது அந்தக் கனம் இல்லை. யாரோ அடியிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிற மாதிரி விட்டுவிட்டு இழுத்தது. குமாரசாமியின் கை பம்பைமேல் அப்படியே நின்றுவிட்டது.

தூக்கி எடுத்து, இரண்டு கையாலும் செம்பைப் பிடித்தேன். சுட்டது. கிணற்றுத் தண்ணீர் சுடுமா? சுட்டது. ஐந்து நாள் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்த நெற்றியின் சூடு அது. என் உள்ளங்கை மறக்குமா?

"கட்!" என்று கத்திவிட்டு மௌசுமி அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

குமாரசாமி காபிகூடக் குடிக்கவில்லை. "மூணாம் முடிச்சி போட்ட கையோட எனக்குச் சொல்லியனுப்பு. நான் வந்து அனுப்பி வெக்கணும். மறந்துடாத," என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலையில் கதாநாயகிப் பெண் பட்டுப்புடவையில் தயாராகி வந்தாள். ரக்ஷாவிடம் என்னைக் காட்டி என்னவோ சொன்னாள்.

"ஆன்ட்டி, உங்க பொண்ணுதான் இவளுக்குப் புடவை மடிப்பு எடுத்து பின் குத்திவிட்டாங்களாம். ரொம்ப ஸ்வீட்டாம். ஆனா கை ரெண்டும் பயங்கரமா சுடுதாம். காய்ச்சல் மாத்திரை குடுங்கன்றா."

"எந்தப் பொண்ணு?"

ரக்ஷா கேட்டுச் சொன்னாள். "மஞ்சள் சுடிதாராம். மோவாய்ல மச்சமாம்."

பயந்தேனா என்றால், இல்லை. சத்தியமாக இல்லை. சந்தோஷம்தான். வந்துவிட்டாள், என் வீட்டுக்கு வந்துவிட்டாள்! அறை அறையாக ஓடினேன். எங்கேயும் காணோம். அவள் அறையில், ஒன்றரை வருஷமாக யாரும் படுக்காத கட்டிலில் கை வைத்தேன். தலைகாணி சுட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் தாலி கட்டுகிற காட்சி. சினிமாவில் இரண்டு முடிச்சுதான் போடுவார்களாம். மூன்றாவது போட்டால் நிஜக் கல்யாணமாகிவிடும் என்று அவர்களுக்கும் ஒரு பயம். கெட்டிமேளம், பூ, கைதட்டல், எல்லாம் ஆயிற்று. குமாரசாமிக்கு நான் சொல்லியனுப்பவில்லை. என் வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம், சும்மா இருங்க," என்று எரிந்து விழுந்தேன். வந்தவளை உடனே அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்?

அப்புறம்தான் குரல் பதிவு. அம்மா சம்மதம் சொல்கிற வசனம் மட்டும் தமிழில் வேண்டுமாம். அந்த நடிகை பத்துதரம் சொல்லிப் பார்த்தாள். "சொம்மொதம், சொம்மொதம்" என்றுதான் வந்தது. மௌசுமி அம்மாள் என் பக்கம் திரும்பினாள். உங்கள் குரலைக் கொடுங்கள் என்றாள்.

எங்கள் தெருவில் பதினெட்டுத் தறி ஓடுகிறது. சத்தம் விழக் கூடாது என்று என் வீட்டுக்காரர் வீடுவீடாகப் போய்க் கேட்டுக்கொண்டார். எல்லாத் தறியும் நின்றது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக அந்தத் தெரு அப்படி அமைதியாக இருந்து பார்த்ததில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

படையல் வைத்த அறையில் என்னை உட்காரவைத்தார்கள். எதிரில் விளக்கு, செம்பு, அரக்குப் பட்டு. தலைக்குமேல் ஒரு கம்பில் மைக். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சரிம்மா, உன் இஷ்டப்படி அவனையே கட்டிக்கோ. அம்மாவுக்குச் சம்மதம்."

சொன்னேன். இன்னொருதரம் என்றார்கள். சொன்னேன். நாலாவது தரம் ரக்ஷா சங்கடத்தோடு வந்தாள்.

"ஆன்ட்டி, திட்டற மாதிரி இருக்குதாம். டைரக்டர் சொல்றாங்க, எதிர்ல உங்க பொண்ணே உக்காந்திருக்கற மாதிரி நெனச்சிக்கணுமாம்."

நினைத்துக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? அவள் அங்கேதான் இருந்தாள். விளக்கின் சூட்டையும் மீறி என் முழங்காலில் ஒரு சூடு அடித்தது. எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஐந்தாவது தரம் நான் படத்துக்காகச் சொல்லவில்லை.

"சரிம்மா," என்றேன். "உன் இஷ்டப்படி அவனையே கட்டிக்கோ. அம்மாவுக்குச் சம்மதம்."

முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது எனக்கு. ஒலிப்பதிவு செய்கிறவர் கையைத் தூக்கினார். அவர் முகம் சரியில்லை. இன்னொரு பெண் யார், அறையில் யார் பேசியது என்று கேட்டார். யாருமில்லை என்றார்கள். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என் காதில் வைத்து, திரும்ப ஓடவிட்டார்.

என் குரல் கேட்டது. சம்மதம் என்றது. அதற்கப்புறம், என் குரலைவிடக் கிட்டத்தில், சிரிப்பும் மூச்சுமாக:

"மா, போய்ட்டு வரேன்!"

பிறகு எங்கள் தெரு கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்குகிற சத்தம்.

எழுந்து வெளியே ஓடினேன். கேட் திறந்து கிடந்தது. கேட்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், யாரும் போகவில்லையே என்றார். அவரையும் கூட்டிவந்து கேட்கவைத்தேன். கேட்டுவிட்டு, அடுக்கிவைத்த நாற்காலிகள்மேல் கை ஊன்றிக்கொண்டார்.

"போய்ட்டு வரேன்னுதான சொல்லுது," என்றார். "வரும்."

வியாழக்கிழமை சாயங்காலம் படக்காரர்கள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் கேட்டைச் சாத்தவில்லை. எங்கே போயிருப்பாள் என்று ஒருதரம், ஒரே ஒருதரம் யோசித்தேனா? அறிவு கெட்டவள் நான். சம்மதம் வாங்கிக்கொண்டு ஒரு பெண் வேறெங்கே போவாள்!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் சம்பூர்ணம் வந்தாள். வசந்தின் அம்மா. சாவுக்கு வந்தவள், அதற்கப்புறம் எங்கள் வாசலை மிதித்ததில்லை. தலைகூட வாரவில்லை.

"இன்னாக்கா பண்ணீங்க?" என்றாள் நின்றபடியே. "எம்புள்ளைய இன்னா பண்ணீங்க?"

"இன்னா சம்பூர்ணம், உள்ள வா, ஒக்காரு."

"புதன்கெழம சாயங்காலம் படுத்தவன்தான். ஒடம்பு கொதிக்குது. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்றாங்க. வலிக்குதாடான்னா சிரிக்கறான். 'அத்த ஒத்துக்கினாங்கம்மா, இனிமே இன்னா'ன்றான். எந்த அத்தைடான்னா உங்க பேர சொல்றான்கா. வர்ற வெள்ளிக்கெழம அவனுக்குக் கல்யாணம். அந்தப் பொண்ணு அபிநயா பக்கத்துல போனா, 'அங்க ஒக்காராத, எடம் புடிச்சி வெச்சிருக்கறேன்'ன்றான். கட்டில்ல பாதிய உட்டுட்டு ஓரமா படுத்துக்கினு இருக்கறான்கா. அந்தப் பாதியத் தொட்டுப் பாத்தேன். அதுவும் கொதிக்குது."

விரல்விட்டு எண்ணினேன். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஐந்தாம் நாள்.

என் வீட்டுக்காரர் குமாரசாமிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பீக்கரில் குமாரசாமியின் குரல் கேட்டது.

"கல்யாணம்னு கூப்ட்டீங்க. மூணாம் முடிச்சி போடல. கல்யாணம் பாக்க வந்த கன்னிக்குக் கல்யாணம் காட்டல. அதுக்கு மேல சம்மதம் வேற குடுத்துட்டீங்க. அது நேரா அவன் வூட்டுக்குப் போயிடுச்சி."

"நீ வந்து ஏதாச்சும் பண்ணுப்பா."

"நான் ஆயிரம் பம்ப அடிச்சாலும் அது கேக்காது. குடுத்த வாய்தான் திருப்பி வாங்கணும். அந்தம்மாவ சொல்லச் சொல்லு."

நான் போனைப் பிடுங்கினேன். "எம்பொண்ணுக்கு இன்னொருவாட்டி மாட்டேன்னு சொல்லச் சொல்றியா நீ? உன் வாய் அழுகிப்பூடும்!" என்று கத்தினேன். என் எதிரில் சம்பூர்ணம் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

பந்தல் சாமான் ஏற்றுகிற எங்கள் வண்டியிலேயே தாமலுக்குப் போனோம். ஏரிக்கரையோரம் போகும்போது நான் நினைத்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போகட்டுமே, என்று நினைத்தேன். என் பெண் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். உயிரோடு இருந்தபோது கொடுக்கவில்லை. இப்போது கொடுத்ததையும் பிடுங்குவதா? நாளைக்குப் போகிற உயிர் இன்றைக்குப் போகட்டும், இரண்டு பேரும் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். சம்பூர்ணம் என்னை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் முழங்கை என்மேல் இடித்தது. அப்படியிருந்தும் நினைத்தேன்.

வாசலில் ஒரு ஒல்லிப் பெண் நின்றிருந்தாள். அபிநயா. வெள்ளிக்கிழமை கல்யாணப்பெண். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"ஆன்ட்டி, நான் ஜீவிதா அக்காகிட்டேர்ந்து எதையும் புடுங்கிக்கல ஆன்ட்டி. அவங்களப் பத்தி எல்லாம் தெரிஞ்சிதான் ஒத்துக்கினேன். அவங்ககிட்ட சொல்லுங்க ஆன்ட்டி."

உள்ளே நான் மட்டும் போனேன். கட்டில் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. வசந்த் விளிம்பில், இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்தால் கீழே விழுகிற மாதிரிப் படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. உதடு வெடித்துப் போயிருந்தது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சுவர்ப்பக்கத்துப் பாதி காலி. விரிப்பு மட்டும் ஒரு ஆள் படுத்த அளவுக்குக் குழிந்திருந்தது. தரையில் உட்கார்ந்து, அவனைத் தாண்டி, அந்தக் குழியில் கையை வைத்தேன். சுட்டது. கையை எடுக்க மனசு வரவில்லை. வெளியே சம்பூர்ணம் ஈரத்துணி பிழிகிற சத்தம் கேட்டது. பிழிந்து, உதறி, மடித்து. நானும் அப்படித்தான் பிழிந்தேன். அந்த வேலையை ஐந்தாம் நாள் இன்னொருத்தி செய்துகொண்டிருக்கிறாள், நான் இங்கே உட்கார்ந்து போகட்டுமே என்று நினைக்கிறேன். சீ, என்ன ஜென்மம் நான்!

"ஜீவி," என்றேன்.

வசந்தின் சிரிப்பு நின்றது.

"ஜீவி, அம்மாடி. அவன உட்டுடு. வா."

அவன் உதடு அசைந்தது. குரல் அவனுடையதுதான். பேச்சு அவன் பேச்சில்லை.

"நீதானமா ஒத்துக்கின."

"ஒத்துக்கினேன். இப்ப வேணாம்னு சொல்றேன்."

"ஏம்மா?"

அன்றைக்குக் கேட்டிருந்தால் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு, நிரந்தரமில்லாத வேலை, பூக்காரியின் வாய். இப்போது அதில் ஒன்றுமே நாக்கில் வரவில்லை. இருந்தது ஒரே காரணம். அது அவளுக்குத் தெரியாது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. கடைசி ராத்திரி நினைவு தப்புவதற்கு முன்னால் அவள் காதில் விழுந்தது என் பேச்சுத்தான். நாளைக்கு எறங்கிடும்டி, தூங்கு என்றேன். இன்னும் காய்ச்சலில்தான் படுத்திருக்கிறாள் என் பெண். எழுந்து கிணற்றடிக்கு வந்தாள், கல்யாணப்பெண்ணுக்கு மடிப்பு எடுத்துவிட்டாள், சம்மதம் கேட்டுச் சிரித்தாள், இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை அவளுக்கு. யாருமே அவளிடம் சொல்லவில்லை.

"நீ செத்துட்டடி கண்ணு," என்றேன்.

வெளியே துணி பிழிகிற சத்தம் நின்றது.

"எப்பமா?"

"ஐப்பசி மாசம். ஒரு சனிக்கெழம காலையில. உன் தல என் மடியிலதான் இருந்தது."

"இவனுக்குத் தெரியுமா?"

தன் உதட்டாலேயே அவன் அதைக் கேட்டான்.

"தெரியும்டி. ஒரு வருஷம் சரியா சோறு தின்னல. இப்பதான் எழுந்து நடக்கறான். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு ஜீவி. உன்னப் பத்திக் கெட்டதா ஒரு வார்த்த பேசல. அம்மா சொல்றேன், வேணாம். எனக்குச் சம்மதம் இல்ல."

சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவையும் நான்தான் சொன்னேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று அந்தக் குழிந்த விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கைக்கு அடியில் சூடு குறைய ஆரம்பித்தது. விரலை மடக்கிப் பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பானது. அப்புறம் வெறும் துணியானது. அப்புறம் சில்லிட்டது. போய்ட்டு வரேன் என்று சொல்வாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். சொல்லவில்லை.

வசந்த் ஒருதரம் முனகிவிட்டு, உருண்டு, கட்டிலின் நடுவுக்கு வந்து படுத்தான். சம்பூர்ணம் ஓடிவந்து அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"வேர்த்துடுச்சிக்கா! எறங்கிடுச்சிக்கா!" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நானும் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் பிள்ளை அன்றைக்குப் பிழைத்தான். என் பெண் அன்றைக்குத்தான் செத்தாள்.